வட்டவளை மழையில் நனைந்த படிவங்கள்

சைக்ளோஸ்டைல் மையின் வாசனை இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை... மண்ணெண்ணெயும் புது பெயின்ட்டும் கலந்த மாதிரி இருக்கும். கட்டுக்கட்டாகக் கேள்விப் படிவங்களை அணைத்துக்கொண்டு இலங்கை மலையகத்தின் வட்டவளை ஸ்டேஷனில் இறங்கிய காலையில், என் சேலை முழுக்க அந்த வாசனைதான்.

அறுபதுகளின் தொடக்கம். பொருளியலில் பட்டம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை! ஹட்டன் கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் திணறிப் போவார்.

வேலை இதுதான். மூன்று தோட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரிக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை பிள்ளைகள்... பேராசிரியர் அதை அறிக்கையாக்குவார். குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுத்தால், இங்கிலாந்தில் மேற்படிப்புக்கான உதவித்தொகைக்கு என் பெயரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வருடத்துக்கு ஒரே ஓர் இடம்.

இரண்டு தோட்டங்களை முடித்துவிட்டு மூன்றாவதற்கு வந்திருந்தேன். எங்கும் ஒரே ஏற்பாடுதான். காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடும்போது எனக்கு ஒரு மேசை போடுவார்கள். ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்பார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மூன்றாவதும் நாலே நாளில் முடிந்துவிட்டது. என் சுறுசுறுப்பைப் பற்றி எனக்கே பெருமை.

கடைசி நாள் சாயங்காலம் மழை பிடித்தது. ஓடையைக் கடக்கப் போட்டிருந்த பலகையில் கால் வழுக்கி, பையோடு உள்ளே விழுந்தேன்.

கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த செல்லாயி அக்காதான், என் மேசைக்கு வந்து பதில் சொல்லிப் போனவர்களில் ஒருவர், என்னைத் தூக்கிவிட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடான தன் லயத்துக்குக் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தாள்களை ஒவ்வொன்றாகக் காயப்போட்டார். ஆனால் நான் எழுதியிருந்தது காப்பிங் பென்சிலில். தண்ணீர் பட்டால் ஊதா மையாக ஓடிவிடும். ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

அழுதுவிட்டேன். நாங்கள் சொன்னதுதானே, திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்கிறோம் என்று அவர் தேற்றினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவிலேயே உட்கார்ந்து, அவரிடமிருந்தே ஆரம்பித்தேன். பிள்ளைகள் மூன்றுதானே என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனேன்.

"அஞ்சு தங்கச்சி. ரெண்டு தவறிப்போச்சு."

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில்தான் அந்த இரண்டுக்கும் காய்ச்சல் கண்டதாம். அன்றைக்கு மூன்று என்றீர்களே என்றேன்.

"அன்னைக்குக் கணக்கப்புள்ள ஐயா பக்கத்துல நின்னாருங்க. செத்த புள்ளயச் சொன்னா தோட்டத்த குத்தஞ் சொன்ன மாதிரி ஆயிரும்ல... இன்னைக்கு நீங்க மட்டுந்தான இருக்கீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பெண்கள் எல்லாருமே அப்படித்தான். மூன்று வேளையும் சோறு என்றவர்கள், சோறு ஒரு வேளைதான், மற்ற நேரம் ரொட்டி என்றார்கள். காய்ச்சலோடு கொழுந்து பறித்ததைச் சொன்னார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான்... கணக்கப்பிள்ளை முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அந்த வெட்கத்தோடுதான் ரயில் ஏறினேன். ஏற்கெனவே முடித்த இரண்டு தோட்டங்களின் படிவங்களும் பேராசிரியரின் மேசையில் அழகாக அடுக்கியிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத படிவங்கள். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சொன்னேன். பேராசிரியர் அடுக்கிலிருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"நீர் திரும்பவும் போனா, இந்த வருஷம் உம்மட பேரை அனுப்ப ஏலாது. யோசிச்சுச் சொல்லும்."

மறுநாள் காலை மறுபடியும் புதுப் படிவங்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நல்ல முடிவு என்று அப்போது தோன்றவேயில்லை.

இரண்டரை மாதம் லயம் லயமாக ஏறி இறங்கினேன். உதவித்தொகை என் வகுப்புத் தோழனுக்குப் போனது. பனி கொட்டிக் கிடக்கும் ஒரு தெருவின் படம் போட்ட போஸ்ட் கார்டு அனுப்பினான். வாழ்த்தி எழுதினேன்... பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய்.

பிள்ளைக்காம்பராக்களைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் என்னையே எழுதச் சொன்னார் பேராசிரியர். என் பெயரும் அச்சானது. பின்னால் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்ததே அந்த அத்தியாயத்தால்தான்.

அறிக்கை புத்தகமாக வரச் சில வருடங்கள் ஆயின. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வட்டவளைக்குப் போனேன். செல்லாயி அக்காவின் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி, குடியுரிமை இல்லாத அக்கா குடும்பம் முழுவதையும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். திருச்சிப் பக்கம் ஏதோ ஊர் என்றார்கள். விலாசம் யாரிடமும் இல்லை.

இப்போது உதவித்தொகை அறிவிப்புகள் தினமும் போனிலேயே வந்து விழுகின்றன. இளம் பிள்ளைகள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போகிறார்கள். எழுதியது எதுவும் அழிவதில்லை. பார்க்க நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. நமக்கு அப்போது இதெல்லாம் இல்லையே என்று கொஞ்சம் ஏக்கமும் உண்டு...

போன வாரம் பேஸ்புக்கில் செல்லாயி, திருச்சி என்று தட்டிப் பார்த்தேன். நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாரும் சின்னப் பெண்கள்.