பிளாஸ்ரிக்குக்குள் போன இரண்டு கடிதங்கள்

அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. கையில் அகப்படும் கடதாசியை எல்லாம் லமினேற் செய்துவிடுவார். சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் தாண்டியபோது அவருடைய சான்றிதழ்கள் நனைந்து கூழாகிப் போயின. அந்தப் பயம். கனடாவுக்கு வந்து மல்வேர்னில் குடியேறிய பிறகு எங்கள் தடுப்பூசி அட்டை, குடிவரவுக் கடிதம், ஏன், கட்டடத்தில் தண்ணீர் நிற்பாட்டப் போகிறோம் என்ற அறிவித்தல்கூட பிளாஸ்ரிக்குக்குள் போனது.

பள்ளிக்கூடம் முடிகிற வருடம் எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்க இடம். மூன்றாவது கொமியூனிற்றி கொலிஜில் இரண்டு வருட எலெக்ரோனிக்ஸ். அப்பாவின் கண்ணில் முதல் இரண்டும்தான் பட்டன. "இதுகளிலை எது திறம்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். தேநீர் குடிக்க வந்த அன்ரிமார் இரண்டு கட்சியாகப் பிரிந்து எனக்காகச் சண்டை பிடித்தார்கள். என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மூச்!

எனக்குக் கொலிஜுக்குப் போகத்தான் விருப்பம். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போன அன்று தியேட்டர் போன்ற மண்டபத்தின் கடைசி வரிசையில் இருத்தினார்கள். நான் கனடாவுக்கு வந்து மூன்றே வருடம். கீழே நின்று பேசியவருடைய ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. கையை உயர்த்திக் கேட்கத் துணிவும் இல்லை. கொலிஜிலோ ஒரு மேசைக்கு நாலு பேர். நான் ஈயம் உருக்கி ஒட்டிய வயரில் ஒரு சின்ன பல்ப் எரிந்தது. அங்கே தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று பள்ளிக்கூட ஆலோசகரும் சொன்னார்.

வீட்டில் ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தேன்.

"கொலிஜோ? இடம் கிடைக்காததுகள் போற இடமெல்லே உது," என்றார் அப்பா. சோற்றுக்கோப்பையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த அப்பார்ட்மென்ரில் கத்தி அழுவதற்கும் ஓர் அறை இல்லை.

பதில் அனுப்ப ஒரு கிழமை இருக்கும்போது அப்பா சிரித்துக்கொண்டு வந்தார். வீடியோ கொப்பி வாடகைக்கு விடும் தமிழ்க் கடையில் பல்கலைக்கழகக் கடிதங்கள் இரண்டையும் லமினேற் செய்திருந்தார்.

"இனிப் பழுதாகாது, பிள்ளை."

"ஐயோ அப்பா! இதிலைதான் சைன் வைச்சுக் கிழிச்சு அனுப்ப வேணும்!"

அவர் முகம் செத்துப்போனது. பிளேட்டால் ஓரத்தைக் கீறி உரித்துப் பார்த்தார். கடதாசி இரண்டாகப் பிளந்து பிளாஸ்ரிக்கோடு போனது.

"ஒருக்கா போன் அடிச்சு இன்னொண்டு அனுப்பச் சொல்லு பிள்ளை."

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் போன் பேசுகிற ஆள் நான்தான். எடுத்தேன். அப்பா பக்கத்தில் நின்று தொழிற்சாலைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதற்கென்ன, இன்றைக்கே புதிய படிவம் அனுப்புகிறேன்," என்றாள் மறுமுனையில் இருந்த பெண். வேண்டாம், நான் வேறு இடத்துக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னேன். மற்றப் பல்கலைக்கழகத்துக்கும் அதையே சொன்னேன்.

"என்னவாம்?"

"ஏலாதாம் அப்பா. ஒருக்காத்தான் குடுப்பினமாம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தப்பியிருப்பேன். "விடுங்கோப்பா, நடந்தது நடந்து போச்சு," என்று அம்மா சொன்னதும் அவர் காதில் விழவில்லை.

நான் கொலிஜுக்குப் போனேன். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்குமுன்பே அப்பா சொல்லத் தொடங்குவார்: "பிள்ளையிலை பிழையில்லை. நான்தான் அவளின்ரை படிப்பைப் பழுதாக்கிப் போட்டன்." குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆப்பிழுத்த குரங்கின் நிலைதான் என் நிலை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று எத்தனையோ நாள் கூடத்துக்கு வந்து, தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நாள் போகப் போக அந்தப் பொய்யை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வகுப்பில் முதலாவதாக வந்த சான்றிதழைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன்.

"லமினேற் செய்யுங்கோ அப்பா."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, என் கையில் இருந்தபடியே அதை ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"நல்லது. உதை நீயே வைச்சிரு, பிள்ளை," என்றார். "நான் தொட்டா உதுவும் பழுதாப்போம்."