செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கேஸ் வரிசை

"இக்கதை எக்காலத்தில் நிகழ்கிறது? கதையிலிருந்து மூன்று ஆதாரங்கள் தருக. நான்கு புள்ளிகள்."

விடை: "கடந்த காலம்."

தரம் ஏழு, தமிழ், இரண்டாம் தவணை. பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், பெயர் வேண்டாம். கடந்த ஞாயிறு மாலை இந்த விடைத்தாளை வெள்ளவத்தையில் என் மேசைமேல் வைத்தவர், எங்கள் மேல்மாடியில் இருக்கும் சுகந்தி டீச்சர்.

கதை நடப்பது செவ்வாய்க் கிரகத்தில். கண்ணாடிக் கூரைக்குள் ஒரு நகரம். சுவாசிக்கும் காற்றுகூட சிலிண்டரில்தான். ஒருநாள் காற்றுக் கப்பல் வரவில்லை... கண்ணை மூடிக்கொண்டு "எதிர்காலம்" என்று எழுதலாம், இல்லையா? வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது. சஃப்னா ஒருத்தியைத் தவிர.

அவள் தந்த ஆதாரங்கள்: விளக்குகள் நேர அட்டவணைப்படி அணைந்தன. வண்டி இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து எரிபொருள் கொடுத்தார்கள். வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"அண்ணை, இதுக்கு சைபர் போட்டா பிள்ளைக்கு மொத்தம் முப்பத்திமூண்டு. பாஸ் முப்பத்தஞ்சு. நாளைக்கு லிஸ்ட் குடுக்கோணும்."

"பிள்ளையிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமலா? 'டீச்சர், வாப்பா எங்கட கேஸ் சிலிண்டரை மத்த ஆக்கள்ர சிலிண்டரோட சங்கிலி போட்டுக் கட்டிட்டு வேலைக்குப் போவார். உம்மாவும் நானும்தான் காவல். முடிஞ்சுபோன விஷயத்தை எப்பிடி எதிர்காலம் எண்டு எழுதுற?' எண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறாள்!"

பிள்ளை சொன்னது சரியா என்று பார்க்க டீச்சர் தேடி வந்தது என் நாட்குறிப்புகளை. "இவ்வளவு வருசமா திகதி போட்டு எழுதிக் குவிக்கிறியள். ஒருக்காலாவது ஆருக்கும் பிரயோசனப்படட்டும்."

நாட்டில் டொலர் தீர்ந்து, எரிபொருளுக்கும் கேஸுக்கும் எல்லோரும் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் கொடுத்த ஆங்கில எழுத்து வாரியாக மின்வெட்டு நேரங்கள். கடைசி இலக்கம் பார்த்துப் பெட்ரோல். காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் வளைந்த சிலிண்டர் வரிசை — பக்கத்தில் ஆள் இல்லை, சங்கிலி மட்டும்.

விடைத்தாளோடு டீச்சர் கொண்டுவந்த கதையை நானும் முதலிலேயே வாசித்திருந்தேன். என் கண் நின்றது காற்றுக் கப்பலில். அந்தச் சிலிண்டர் வரிசையை — அதே போன்ற வரிசையில் மாதக்கணக்கில் நின்றவன் — ஒரே தாவலில் தாண்டிப் போயிருந்தேன். நிறைய வாசிப்பவர்களுக்கு வரும் வியாதி இது. விண்கலத்தைக் கண்டால் மனிதர்களை மறந்துவிடுவோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மறக்கவில்லை.

டீச்சர் சிவப்புப் பேனையைத் திறந்தார். "காலம் பிழை. ஒரு புள்ளி போச்சு. ஆனா ஆதாரம் கேட்டது நான்தானே? மூண்டும் கதைக்குள்ளயே கிடக்கு. மூண்டு புள்ளி."

முப்பத்தாறு. பாஸ்!

"காலம் பிழை எண்டு எப்பிடி முடிவெடுத்தீங்க?" என்றேன்.

"செவ்வாய்க்கு இன்னும் ஒருத்தரும் போகேல்லை, அண்ணை!"

சரிதான். ஆனால் டீச்சரிடம் இருப்பது யாரோ கொடுத்த போட்டோகொப்பி. எழுதியவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. 2022க்கு முன் எழுதியிருந்தால் அவர் தீர்க்கதரிசி. பின் என்றால், அவர் எழுதியது நம்மைப் பற்றி; அதைக் கண்டுபிடித்தவள் சஃப்னா மட்டுமே.

எது உண்மை? இதை எழுதும்வரை உறுதிப்படுத்த முடியவில்லை.