சூசை அண்ணன் கேட்ட அமெரிக்கா

திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் செய்தி வந்தது. கடியப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில் சந்தைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர், கூடையைத் தெருவில் வைத்துவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சாரே, நம்ம சூசை அண்ணன் போயிட்டாரு. நெஞ்சுவலியாக்கும். நேத்து வைகிட்டு நாலு மணிக்கு அடக்கம் முடிஞ்சு.”

“அடக்கத்துக்குப் பேண்டு உண்டா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“எங்க உண்டு? வாசிக்க ஆரு இருக்கா?”

அவரை அனுப்பிவிட்டுப் பாடத்தின் மிச்சத்தையும் நடத்தினேன். மணி அடித்தது, அடுத்த வகுப்புக்கும் போனேன். இந்த வருஷம் இரங்கல் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருக்கிறது. ஆனாலும் முட்டம் முதல் களியக்காவிளை வரை திருவிழாவிலும் கல்யாணத்திலும் எங்கள் பேண்டைக் கேட்ட உங்களுக்கு, நடுவில் நின்ற அந்த ட்ரம்பெட்காரரைப் பற்றிச் சில செய்திகளாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சூசை மிக்கேல் போர்க்காலம் முழுக்கக் கொழும்பில் ஒரு ஹோட்டலின் நடனக்குழுவில் இருந்தார். பட்டாளத்துக்காரர்கள் ஆட, பன்னிரண்டு பேர் வாசிப்பார்கள். போர் முடிந்தது, பட்டாளம் கப்பலேறியது, குழுவும் கலைந்தது. 1947இல் ஊர் திரும்பியவர் எங்கள் ஏழு பேரோடு சேர்ந்தார். நான் கிளாரினெட். முதல் ஒத்திகையில் நாங்கள் வாசித்ததைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரியாத்தான் வாசிக்கிதிய. ஆனா நெல்லு குத்துத மாதிரி இருக்கு” என்றார். நாங்கள் நாலடித் தாளத்தில் ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் காலை ஊன்றுகிறவர்கள். அமெரிக்கக்காரர்கள் இரண்டிலும் நாலிலும் கை தட்டுவார்கள் என்று சொல்லித் தட்டிக் காட்டினார். பெரிய முரசு அடிக்கும் எங்கள் தங்கப்பனுக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆனது. பிடிபட்ட பிறகு முட்டம் கோவில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நாங்கள் வாசித்ததும், சப்பரம் தூக்கியவர்களின் நடையே மாறிப்போனதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அவருடைய மைத்துனர் கொழும்புத் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். ஊருக்கு வருகிறவர்கள் கையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இசைத்தட்டு கொடுத்தனுப்புவார். என் வீட்டில் மாமனார் கொடுத்த கிராமபோன் இருந்தது. ஞாயிறு பூசை முடித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து மூன்று மணிக்கு வந்துவிடுவார். முதலில் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஊரை விட்டு நகராமல் அமெரிக்கப் பாட்டு எந்தப் பக்கம் போகிறது என்று அவர் கண்டுகொண்டது அந்தக் காகிதத்திலிருந்துதான். ஆரம்பத்தில் வந்த தட்டுகளில் குழுத் தலைவரின் பெயர் பெரிதாகவும் பாடகர் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். 1950 வாக்கில் அது தலைகீழானது. பாடகர் பெயர் மேலே வந்தது. பின்னால் வயலின்கள் நிறைந்தன. “பாத்தியளா சாரே, நம்ம ஆளுவள எல்லாம் கீழ எறக்கிட்டானுவ” என்றார். பெரிய குழுக்களுக்குச் சோறு போட அங்கேயும் ஆளில்லை என்று மைத்துனர் எழுதியிருந்தாராம்.

கொழும்பு ஹோட்டலுக்கு அவரும் ஒரு கடிதம் போட்டார். மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். இப்போது பியானோக்காரர் ஒருவரும் பாடுகிற பெண் ஒருவரும் போதும் என்று பதில் வந்தது. படித்துச் சொன்னேன். “அப்பம் சரி” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒருமுறை வந்த தட்டில் ட்ரம்பெட்டும் சாக்சபோனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தலைதெறிக்க ஓடின. எனக்குத் தலைவலி வந்தது. அவர் மூன்று தடவை போடச் சொன்னார். “இது ஆடுதவனுக்கு உள்ளதில்ல சாரே. வாசிக்கிதவன் தனக்கு வேண்டி வாசிக்கிதான்” என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “பிடிக்கணும்னா நான் அங்க இருந்திருக்கணும்” என்றார்.

பேண்டுக்கு அழைப்பில்லாத நாட்களில் அவர் கட்டுமரத்தில் போவது உங்களுக்குத் தெரியும். 1953இல், கரை அடையும் நேரம், அலை மரத்தைப் புரட்டியது. மரத்தின் முனை வாயில் அடித்து, மேல்வரிசையில் முன்பல் இரண்டு போயின. ட்ரம்பெட்காரருக்கு உதடு எவ்வளவு முக்கியமோ, உதட்டைத் தாங்குகிற பல்லும் அவ்வளவு முக்கியம். நாகர்கோவிலில் பொய்ப்பல் கட்டிக்கொண்டார். வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு, “ஓரத்துல காத்து ஒழுகுது” என்றார். தினமும் ஊதிப் பழகினார். கீழ்ச் சுரங்கள் வந்தன. மேலே போனால் உடைந்தது.

போன வருஷம் வந்த தட்டுகளில் ட்ரம்பெட்டே இல்லை. கிட்டார், முரசு, நடுவில் ஓர் இளைஞனின் கூச்சல். நான் முகம் சுளித்தேன். அவர் சிரித்தார். “எனக்க பல்லு போன நேரம் பாத்து அவனுவளும் ட்ரம்பெட்ட விட்டுட்டானுவ.”

இந்த வருஷம் மழைக்கு முன்னால் கடைசித் தட்டு வந்தது. பாடியவன் வெள்ளைக்காரப் பையன் என்று மைத்துனர் குறிப்பு வைத்திருந்தார். பாதிப் பாட்டில் சூசை அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

“இது எனக்குத் தெரிஞ்ச பாட்டாக்கும். சொல்லு கொஞ்சம் மாறியிருக்கு. ராகம் அதேதான்.”

பிறகு சொன்னார். கொழும்பில், போரின் நடுவில், அமெரிக்கச் சரக்குக் கப்பலின் சமையல்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கமானார். கறுப்பர். ஹோட்டலின் ஆடரங்கத்துக்குள் அவரை விடமாட்டார்கள். சூசை அண்ணனும் வாசிக்கத்தான் அரங்கத்துக்குள் போகலாம். வாசித்து முடித்தால் பின்வாசல்தான். இரண்டு பேரும் அடுக்களை முற்றத்தில் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து சோறு தின்பார்கள். அப்போது அந்த ஆள் பாடிய பாட்டு இது. தன் ஊரில் பருத்தி எடுப்பவர்கள் பாடுவது என்று சொன்னாராம். இரண்டிலும் நாலிலும் தட்டுவதைச் சொல்லித்தந்ததும் அவர்தானாம்.

“ஹோட்டல்ல படிச்சதுன்னு நீங்க எல்லாரும் நெனச்சிய. நானும் திருத்தல்ல” என்றார்.

காகிதத்தைப் படித்தார். பாடிய பையனின் பெயர் இருந்தது. எழுதியவர் என்று யாரோ ஒருவர் பெயர் இருந்தது.

“அந்தச் சமையக்காரனுக்க பேரு என்ன, சூசையண்ணே?”

அவர் காகிதத்தை மறுபடி பார்த்தார். “ஓர்மை வரல்ல சாரே.”

அடுத்த ஞாயிறும் அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. பாட்டையே போட விடாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் அவனுக்க தாளத்த வச்சு ஏழு வருசம் பேண்டு கோட்டு போட்டு நின்னேன். பேரக் களஞ்சிட்டேனே” என்றார். பிறகு ஒரு புதன்கிழமை, பள்ளி இடைவேளையில், வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதி வழி நடந்திருக்கிறார்.

“எல்மர். எல்மராக்கும் சாரே. வீட்டுப்பேரு தெரியாது.”

அவர் சொல்லி, அந்தத் தட்டின் காகிதத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினேன். தட்டு என் அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து கேட்கலாம்.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். பல் போன மறுவருஷம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

களியக்காவிளையில் ஒரு கல்யாண ஊர்வலம். சூசை அண்ணன் ட்ரம்பெட்டை வாயில் வைத்தபடி பாதி வழி ஊதாமலே நடந்தார். கிளாரினெட்டின் மேல் சுரங்களால் நான் அதை மூட முயன்றேன். பெண்ணின் மாமா என் பக்கத்தில் வந்து, “அந்த ஆளு ஊதுதாரா, சும்மா பிடிச்சிட்டு வாறாரா?” என்று கேட்டார். பேண்டில் கூடிப் பேசினோம். வேறு ஆள் பார்ப்பது என்று முடிவானது. இருந்த சிவப்புக் கோட்டுகள் எட்டுதான். அவரிடமிருந்து ஒன்றைத் திரும்ப வாங்கவேண்டும். வாத்தியாருக்குப் பேசத் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் கடியப்பட்டணம் போனேன். கடல் எப்படி, உடம்பு எப்படி என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியைக் கூப்பிட்டு, “அந்தக் கோட்ட எடு” என்றார். துவைத்து மடித்து வைத்திருந்தது. ஒரு பித்தளைப் பொத்தான் தளர்ந்திருப்பதைப் பார்த்து, தைத்துத் தரச் சொன்னார். அந்த அம்மாள் ஊசியில் நூல் கோர்த்துத் தைத்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் தரும்போது, “புது ஆளு தடிச்சவனா? கக்கத்துல பிடிக்கும், பாத்துக்கிடுங்க” என்றார். வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். “பஸ்ஸு போயிரும், சாரே” என்றார்.

அந்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்து நான் கிராமபோனை வெளியே எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வெளிக்கதவு திறந்தது. கக்கத்தில் துணி சுற்றிய ஒரு புதுத் தட்டோடு உள்ளே வந்தார்.

“என்ன சாரே, பெட்டிய இன்னும் எடுக்கல்லியா?”

எடுத்து வைத்தேன். அவரே சாவி கொடுத்தார். இரண்டு பக்கமும் கேட்டோம். கோட்டைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. புது ஆளை வைத்துக்கொண்டு அந்தப் பேண்டு ஒரு வருஷம்கூட ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சூசை அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியைத்தான்.