இரண்டாவது பிரேக்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "பாடப் புத்தகத்துல போடலாம்மா, புது மூட்டு அவ்வளவு கச்சிதமா உட்கார்ந்திருக்கு" என்றார். என் சித்தி படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப வலிக்கிறது யாருக்கு டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து இறங்கியபோது, சித்திக்கு வலது இடுப்பில் மூட்டு மாற்றி நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. "நீ எப்படியும் சும்மாதானே இருக்கப் போற, அவகூடப் போய் இரு" என்று அம்மா அனுப்பிவைத்தாள். முதுகுப்பையை முழுசாகப் பிரிக்காமல் சித்தி வீட்டுக் கூடத்தின் மூலையில் வைத்தேன். "அதைப் பிரிச்சு வை. இல்லன்னா என் கால் அதுல தட்டி நான் விழுந்துடுவேன்" என்றாள். விழுவதுதான் அந்த வீட்டின் முதல் பயம். மிதியடிகளையெல்லாம் சுருட்டி அலமாரி மேல் போட்டிருந்தாள். கழிவறையில் உயரமாகப் பொருத்திய இருக்கைக்கு 'சிம்மாசனம்' என்று பெயர் வைத்திருந்தாள். கால் மேல் கால் போடக்கூடாது, தாழ்ந்த நாற்காலியில் உட்காரக்கூடாது, சட்டென்று குனியக்கூடாது. கீழே விழுந்த எதையும் நான்தான் எடுக்கவேண்டும். அதற்கென்றே சிலவற்றைக் கீழே போடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சித்தியின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. சித்தப்பா சரக்கு வேன் வைத்திருந்தார். அவர் படுக்கையில் விழுந்ததும் இவள் வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவர் போனபிறகு வேனை விற்றுவிட்டு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் ஆசிரியர் அதை மிதிக்க வேண்டும். சித்தி அதை மிதிக்கிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு 'பிரேக்கம்மா' என்று பெயர் வந்தது. அவளிடம் படித்தவர்கள் தெருவில் கண்டால் இன்றும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வணக்கம் சொல்வார்கள். "இண்டிகேட்டர் போட்டியா?" என்பதுதான் அவள் பதில் வணக்கம்.

நடக்கிறபோது அவளுக்கு அவ்வளவு வலி இல்லை. உட்கார்ந்து எழுந்து வைக்கும் அந்த முதல் சில அடிகளில்தான். தொடை இடுக்கில் ஆழத்திலிருந்து ஒன்று கிளம்பி முழங்கால்வரை இறங்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அதனிடம் பேசுவாள்.

"பதறாதே. மெதுவா விடு. மெதுவா. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

முதல்முறை என்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து, "நான் பதறலையே சித்தி" என்றேன்.

"உன்னை யார் சொன்னா? இதுவும் புதுசா வந்த ஸ்டூடண்ட் மாதிரிதான். கத்தினா இன்னும் அழுத்தும்."

மாத்திரை, துண்டில் சுற்றிய ஐஸ் பை, படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதையெல்லாம் அவள் ஒழுங்காகச் செய்தாள். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று வந்ததும் கேட்பாள்.

"கண்ணாடியைப் பார்க்காம லேன் மாத்துறவனைக் கண்டா எவ்வளவு எரிச்சல் வரும், அவ்வளவு."

"நம்பர் சொல்லுங்கம்மா."

"அதுக்கு நம்பர் இல்ல."

"எக்ஸ்ரே எல்லாம் சூப்பரா இருக்கு. சில பேருக்கு வலி போக ஒரு வருஷம்கூட ஆகும். டாக்டர் கார் ஓட்டலாம்னுகூட எழுதிக் கொடுத்துட்டார்."

"அப்ப அந்த எக்ஸ்ரேயையே பிரேக் போடச் சொல்லு."

அந்தப் பெண் போனபிறகு தினமும் இன்னொரு பயிற்சி நடக்கும். அது யாரும் சொல்லித்தராதது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, உடல் எடை பார்க்கும் மெஷினைக் காலடியில் சுவரோடு அணைத்துச் சாய்த்து வைக்கச் சொல்வாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எப்போது என்று சொல்லாமல் கைதட்ட வேண்டும். தட்டியதும் அவள் வலது கால் பாய்ந்து மெஷினை மிதிக்கும். முள் எதுவரை போகிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று நான் சொல்லவேண்டும். எனக்கு முதலில் இது விளையாட்டாக இருந்தது. பிறகு கவனித்தேன். சில தடவை கால் கிளம்பும், பாதியில் ஒரு கணம் நிற்கும், பிறகு மிதிக்கும். அப்படி நிற்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கமாட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள்.

"நல்லாத்தான் போச்சு சித்தி" என்றேன் ஒருநாள்.

"பொய் சொல்லாதே. நின்னுச்சு."

அன்று ஸ்கூல் முதலாளி போன் செய்திருந்தார். சித்தியின் இடத்தில் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார். "அவசரம் இல்ல டீச்சர். வர்றீங்களா இல்லையான்னு மட்டும் இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க. காரை அனுப்பறேன், ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, மெஷினைத் தள்ளிவைக்காமலே, சித்தி எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். அது கதை சொல்கிற குரல் இல்லை. வழி சொல்கிற குரல்.

போன வருஷம். அப்போதே இடுப்பு தேய்ந்துபோயிருந்தது. ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்கள். இவள் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். காலையில் ஒரு கல்லூரிப் பையனுக்கு வகுப்பு. பேக்கரி பின்பக்கத் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ராத்திரி வேலை முடிந்து போகிற பேக்கரித் தொழிலாளி, சட்டையெல்லாம் மாவு.

"பையன் உறைஞ்சு போயிட்டான். என் கால் பிரேக்குக்குப் போச்சுடி. போச்சு, போகும்போதே நடுவுல வலி பிடிச்சுது. ஒரு கண்ணிமைக்கிற நேரம். அவ்வளவுதான்."

கார் மெதுவாகத்தான் தட்டியது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. சைக்கிள்தான் குறுக்கே வந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரே சொன்னார். சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, "என்ன டீச்சர், அடிபட்டது எனக்கு, நொண்டுறது நீங்களா?" என்று கேலி செய்தாராம். அவருக்கும் மூட்டு மாற்றினார்கள். வீட்டுக்குப் போனார். எழுந்து சரியாக நடக்கவே இல்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தார்.

"அதுக்கப்புறம்தான் நான் ஆபரேஷனுக்குச் சம்மதிச்சேன். கால் இனிமே நிக்கக்கூடாதுன்னு."

"அது வேற, இது வேற சித்தி. அவருக்குச் சளி."

"எனக்கு வலிக்கிற இடம் தெரியுமா உனக்கு? அவர் கையை வச்சுக் காட்டின இடம்."

நான் எழுந்து மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முள் லேசாக ஆடிக்கொண்டே உள்ளே போனது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கார் வந்தது. கூரைமேல் ஸ்கூல் பலகை வைத்த அதே பயிற்சிக் கார். நான் ஓட்டுவது, சித்தி பக்கத்தில் உட்கார்வது என்று ஏற்பாடு. கால் நின்றால் வேலையை விடுவது, நிற்காவிட்டால் திங்கட்கிழமையே போவது. அவளே அப்படித் தீர்மானித்திருந்தாள். இருக்கையின் ஓரத்தில் முதலில் உட்கார்ந்து, ஊன்றி நடக்கும் கம்பை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பி வைத்தாள். வலி வந்திருக்க வேண்டும். "மெதுவா விடு" என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உலகமெல்லாம் சுத்தினவளே, சீட் பெல்ட் யார் போடுவா?"

முதல் தெருவிலேயே என் மானம் கப்பலேறியது. "கிளட்ச் மேல காலை வச்சுத் தூங்குறியா?" என்றாள். "ஹாரன் அடிக்கிறதுக்குச் சம்பளமா தர்றாங்க?" என்றாள். ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தபோது எனக்கு முன்னால் அவள் கால் மிதித்தது. சுத்தமாக, இழுப்பில்லாமல். பள்ளிக்கூட வாசலில் இன்னொரு தடவை. நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவள் முகத்தில் பழைய பிரேக்கம்மா இருந்தாள்.

"திங்கட்கிழமை போறீங்க" என்றேன்.

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு. அடுத்த லெஃப்ட்."

அடுத்த இடதுபுறம் பேக்கரியின் பின்பக்கம். எனக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது. உயரமான சுவர், அடுக்கி வைத்த தட்டுகள், ஒரு குழாய். பாதி தூரம் போயிருப்போம். கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. பெல்ட் தோளைக் கிழித்தது. என் நெற்றி ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

எதிரே யாரும் இல்லை. சந்து முழுக்க வெயில்தான் விழுந்து கிடந்தது.

சித்தியின் கால் பிரேக்கின்மேல் அழுந்தியபடியே இருந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல." அவள் இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம்கூட வலிக்கல. நீ சைக்கிளைப் பார்க்கலையா?"

நான் சொன்ன பதிலைவிட, பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை அவள் கேட்டிருக்க வேண்டும். காலைப் பெடலிலிருந்து எடுத்தாள்.

"பின்னாடி ஒரு வண்டி வந்திருந்தா?" என்றாள் மெல்ல. "உன் இடத்துல ஒரு சின்னப் பொண்ணு இருந்து, பின்னாடி லாரி வந்திருந்தா?"

"சித்தி, ஒரு தடவைதானே..."

"கால் சரியாயிடுச்சுடி. கால்ல ஒண்ணும் இல்ல."

அங்கேயே முதலாளிக்குப் போன் செய்தாள். "அந்தப் பொண்ணையே வச்சுக்குங்க. ஹேண்ட் பிரேக் போட மறக்கிறாளாம், கேள்விப்பட்டேன். திட்டுங்க, ஆனா வச்சுக்குங்க" என்றாள். அவர் ஏதோ கேட்டார். "வலிதான். வேற என்ன" என்றாள்.

பிறகு கதவைத் திறந்து, இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி, கம்பை ஊன்றி எழுந்தாள். முதல் அடிகளில் வலி வந்துவிட்டது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வலியிடம் அவள் இந்தமுறை எதுவும் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தக் காரின் பின் இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"ஹாரன் அடிக்காம போ" என்றாள்.

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன். அதில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். வண்டி நகர்ந்தது. சந்தின் முனை வருவதற்கு முன்னால், என் இருக்கைக்குப் பின்னால், காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பின்மேல் செருப்பு அழுந்தும் சத்தம் கேட்டது. கூடவே மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அடுத்த திருப்பத்திலும் கேட்டது. அதற்கு அடுத்ததிலும்.

மூன்றாவது திருப்பத்தில் நானும் பிரேக்கை மிதித்தேன். தெரு காலியாகத்தான் இருந்தது. சிறிது நேரம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, யாரோ கடந்து போய்விட்டதுபோல், பிறகு மெதுவாக விட்டேன்.