தரையை விட்டு எழும்பக் கூடாது

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த மறு வருஷம், என்னை விண்வெளிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று மலாக்காவில் எங்கள் பேட்டையான காஜா பெராங் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, என் அம்மாதான்.

விஷயம் இவ்வளவுதான். சிங்கப்பூரில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஒரு கல்லூரி, பல நாட்டு மாணவர்களைக் கூட்டிக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் விண்வெளி விஞ்ஞானம் கற்றுத்தருவதாக அறிவித்தது. மனுப் போட்டேன், இடம் கிடைத்தது, விமானச் செலவும் அவர்களுடையது. எனக்கு இருபத்தொரு வயது ஆகாததால் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

“போன வருஷம் ரஷ்யாக்காரன் நாயை ஏத்தி அனுப்பினானே, அது திரும்பி வந்துச்சா?”

“அங்க பாடம்தாம்மா நடத்துவாங்க.”

“நாய்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க!”

பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டி இனத்து அம்மாள் ஒருவர். நெற்றி நிறைய விபூதி, வாயில் மலாய் மட்டும்தான். வேலியோரம் நின்று “கெசியான் அஞ்சிங் இத்து” என்று உச்சுக் கொட்டினார். அவர் அந்த நாய்க்காகப் பரிதாபப்பட, அம்மா எனக்காக ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அழுது முடித்து என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். எனக்கோ ஏழரைச் சனி. “சனி இருக்கிற எடத்துக்கே இவளை அனுப்புறாங்க சாமி, என்ன பரிகாரம்?” குருக்கள் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “பூமியில இருக்கறவாளுக்குத்தான் இதுல பலன் போட்டிருக்கு. மேல போனா நான் பொறுப்பில்லே” என்று மூடி வைத்துவிட்டார். போச்சு!

அப்பா ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. எதையும் மூன்று பிரதியில் டைப் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிற மனிதர். கையெழுத்துப் போட்டார், கூடவே ஒரு நிபந்தனையையும் இணைத்தார்: ‘என் மகள் எக்காரணம் கொண்டும் தரையை விட்டு மேலே எழும்பக் கூடாது. சம்மதமென்றால் எழுத்தில் தரவும்.’ அம்மாவுக்கு உயிர் வந்தது. நானும் சிரித்துக்கொண்டே தபாலில் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதில் வந்தது. ‘நிபந்தனை ஏற்கப்பட்டது. எனவே விமான ஏற்பாடு ரத்து. கப்பல் டிக்கெட் இத்துடன்.’

கப்பல் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மாதம். அதுவும் வகுப்பு ஆரம்பித்துப் பத்து நாள் கழித்துத்தான் சிங்கப்பூரை விட்டே புறப்படும்.

“அப்பா, உடனே தந்தி அடிங்க! நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்லா!”

“எழுத்துல கேட்டோம், எழுத்துல குடுத்துட்டாங்க. இப்ப மாத்தினா நாம கையெழுத்துப் போட்டு அனுப்பின சுராட்டுக்கு என்ன மரியாதை?”

அன்று நான் போட்ட கூச்சல் அடுத்த பேட்டை தெங்கேரா வரை கேட்டிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. கப்பலேறினேன். கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று கேட்டுக் கேட்டுக் கப்பல்காரர்கள் என்னைக் கண்டாலே ஒதுங்கினார்கள்.

போய்ச் சேர்ந்தது கடைசி நாள். மற்றவர்கள் ராக்கெட், தொலைநோக்கி என்று பேசிக்கொண்டே பெட்டி கட்டினார்கள். ஒரு பேராசிரியர் என் கையைக் குலுக்கி, “தரையை விட்டு எழும்பாத பெண் நீதானா?” என்றார். தேநீர் கொடுத்தார்கள். குரூப் போட்டோவில் பெஞ்சில் இடமில்லாததால் என்னைப் புல்தரையில் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான் என் விண்வெளி விஞ்ஞானம். குளியலறைக்குப் போய் அழுதேன்.

மறுபடி ஒரு மாதக் கப்பல். மலாக்காவில் வந்து இறங்கினால் அம்மா பாதியாகியிருந்தாள். நான் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதமாம். பாவி, இவளிடம் கத்தித் தீர்க்கத்தானே அத்தனை கடல் தாண்டி வந்தேன்!

போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்தாள்.

“இவங்கல்லாம் பெஞ்சு மேல ஏறி நிக்கிறாங்க. நீ ஒருத்திதான் தரையில ஒக்காந்திருக்கே. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா படிச்சியா?”

“படிச்சேம்மா” என்றேன்.

அன்றும் சனிக்கிழமைதான். எனக்காக வடித்த சோற்றில் ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.