ஆடிக்காற்றுக்கு நிற்காத வேலி

துளசிமணி பேசிக்கொண்டே அறுந்த நூலை முடிந்து தறியை ஓட்டுவாள். கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டே போனில் ஒரு சம்பந்தம் பேசி முடிப்பாள். பல்லடம் பக்கம் அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. அப்படிப்பட்டவள் வைகாசியிலிருந்து ஒரே ஒருத்தியிடம் மட்டும் பேசவில்லை. கொழுந்தனார் பெண்டாட்டி கீதாவிடம்.

கீதாவின் மகள் ஹர்ஷிணி வயசுக்கு வந்ததற்குச் சீர் செய்த அன்று வந்த வினை அது. துளசிமணி ஆக்கிய பருப்பு சாதத்தைப் பந்தியில் போடும்போது, அக்கா பேச்சு சுவாரஸ்யத்தில் உப்பை மறந்துவிட்டார்கள் என்று கீதா சொல்ல, பந்தியே சிரித்தது. உப்பு குறைந்தது நிஜம்தான். அதை ஊரைக் கூட்டியா சொல்வார்கள்? இனி அவள் மூஞ்சியில் முழிப்பதில்லை என்று துளசிமணி சபதம் போட்டாள்.

போட்டாயிற்று. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே காய்கறித் தோட்டம். விடிந்தால் இருவரும் தண்ணீர் விட வந்தாக வேண்டும். அதனால் நடுவில் வேலி. வீட்டுக்காரர் காளிச்சாமி சவுக்குக் கம்பு நட்டுக் கம்பி இழுத்தார். ஆள் தெரியாமல் மறைக்க, சீருக்கு அடித்த ஃபிளக்ஸ் பேனரையே அவள் எடுத்துக் கட்டினாள். படம் கீதா பக்கம், வெள்ளை இவள் பக்கம்.

ஆடி பிறந்ததும் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. பேனர் உப்பி, கம்பைப் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. குழியை ஆழமாக்கி ஜல்லியும் சிமெண்டும் போட்டாள். இந்த முறை கம்பே முறிந்து, வேலி கீதாவின் கத்தரிப் பாத்தியில் விழுந்தது. காற்று போக வழி வேண்டும், பேனர் கட்டுகிறவர்கள் போல அங்கங்கே கிழித்துவிடு என்றார் காளிச்சாமி. கிழித்தால் அவள் தெரிவாளே என்றாள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

விழுந்ததை எடுக்க அந்தப் பக்கம் போனால் தோற்ற மாதிரி. விட்டால் மறைப்பு இல்லை. உள்ளுக்குள் அவளுக்கு வேறு வேதனை. போனில் பேசி முடித்த ஒரு சம்பந்தம் கூடிவந்த கதையைக்கூடச் சொல்ல ஆளில்லை. கீதா இல்லாமல் பொழுதே போகவில்லை. அதை யாரிடம் சொல்வது? வேறு வேலி இழுக்கக் கெட்டிக்கம்பி வாங்கப் பல்லடத்துக்கு பஸ் ஏறினாள்.

மத்தியானம் திரும்பினால், வேலி நிற்கிறது. புதுக்கம்பு போட்டு, பேனரில் நெடுக நிலாப்பிறை மாதிரி வெட்டுகள். காற்று அதன் வழியே ஊடுருவிப் போக, கம்பு அசையவில்லை. எட்டிப் படப்பக்கம் பார்த்தாள். ஒரு முகத்தில்கூட வெட்டு விழவில்லை. பெரியம்மா என்று போட்டிருந்த அவள் படத்தைச் சுற்றிக் கையகலம் விட்டிருந்தது.

ஒரு வெட்டுக்குப் பின்னால் கீதா நின்றாள்.

"அக்கா, காத்துக்கு வழி விட்டிருக்கேனுங்க. வேண்டாம்னா ஊசி நூல் எடுத்துட்டு வாரேன், தெச்சுப்போடலாம்."

துளசிமணி கம்பிச்சுருளைக் கீழே வைத்தாள்.

"தெக்கறது கெடக்கட்டும் கண்ணு. அந்த ஓட்டைய இன்னுங் கொஞ்சம் பெருசா வெட்டு. உன்ற மூஞ்சி பாதிதான் தெரியுது."