அப்பாவின் இரண்டு ஓட்டுகள்

பாளையங்கோட்டை முனிசிபாலிட்டித் தேர்தலில் அப்போது வீட்டு வரி கட்டுகிற ஆண்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் வார்டில் பாதிப் பேர் எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்கள். ஆகவே நிற்கிறவர் நம்மவர் என்றால் மூப்பர்கள் அவரை ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குக் கூப்பிட்டு, ஜெபம் செய்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தொழில் பார்ப்பீரா? திருவிருந்து எடுக்கிறீரா? பிள்ளைக்கு ஜாதகம் எழுதினீரா? பெண்ணை எந்தச் சபையில் கொடுத்தீர்? பதில் திருப்தியாக இருந்தால், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் காதில் பெயரைப் போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு ஓட்டுகூட சிதறாது.

இந்த முறை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தெய்வபயம் இல்லாதவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது என்று இன்றைக்கும் நம்புகிறவள் நான். ஆனால் அந்த அறையில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு.

அப்பா மூப்பர்களில் ஒருவர். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். அக்காவை அடுத்த தெருவிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். அத்தான் தச்சு வேலை செய்தார்; பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் ஏமாந்தோம். அவர் குடிப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் தெருமுனையிலேயே சாராயக்கடை. வேலை முடிந்தால் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தாண்டினால்தானே! அக்கா போய்க் கடைக்குச் சற்றுத் தள்ளி, வேலியோரம் நிற்பாள், கூட்டிக்கொண்டு வர. வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் சித்திரை வெயிலிலும் முதுகை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷத் தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் சபை வக்கீல். மற்றவர் சாராயக்கடைக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர். ராவுத்தர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, உங்க ஆளுவ ஓட்டு எனக்கு விழுந்தா அந்தக் கடைய ஊருக்கு வெளிய தூக்கிருவேன். கடை எங்கன இருக்கணும்னு கலெக்டருக்கு யோசனை சொல்லுத கமிட்டியில மெம்பரும் ஒக்காருவாரு. எங்க மார்க்கத்துலயும் அது ஹராம்தான்."

அப்பா அவருக்கு மோர் கொடுத்து, "நீங்க நல்ல மனுசர், அண்ணாச்சி. மத்தவங்ககிட்ட சொல்லுதேன்" என்று மரியாதையாக அனுப்பினார். சொல்லவும் செய்தார். மூப்பர்கள் சிரித்தார்களாம். ராவுத்தருக்கு இரண்டு மனைவிகள். விசுவாசி ஒருவர் நிற்கும்போது அவருக்கா போடுவது? வக்கீலைக் கூப்பிட்டார்கள், வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள், பெயர் முடிவாகிவிட்டது.

எனக்கு ஓட்டு இல்லை. வாய் இருந்தது.

"வக்கீலய்யாகிட்ட கடையப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா அப்பா?"

"ஏட்டி, திருவிருந்து எடுக்கவர்கிட்ட சாராயத்தைப் பத்திக் கேட்டா அவரை அவமதிச்ச மாதிரி ஆகாதா?"

"நல்லா இருக்கே நியாயம்! அக்கா முதுகைப் பாத்தீங்களா நீங்க?"

அப்பா முகம் செத்துப்போயிற்று. அவர் பார்த்திருந்தார். "நம்ம வீட்டுக் கஷ்டத்துக்காக ஓட்டுப் போடக் கூடாதுட்டி," என்றார் மெதுவாக. "கர்த்தருக்கு முன்னால போடுதது அது." அவர் கல்நெஞ்சர் இல்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அவளுக்காகப் போட்டால் பாவம் என்று பயந்தார். அந்தப் பயத்தை என்னால் அசைக்க முடியவில்லை.

எங்கள் வார்டில் ஓட்டை அதிகாரி முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். அப்பா போய் வக்கீல் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். வக்கீல் ஜெயித்தார்.

சில மாதங்களில் கடை விஷயம் கமிட்டிக்கு வந்தது. கடையை மாற்றச் சர்க்கார் தயார்தான். ஆனால் அவர்கள் காட்டிய ஒரே கட்டிடம் எங்கள் ஆலயம் இருக்கும் கோவில் வீதியில் இருந்தது. ஆராதனைக்குப் போகிற வழியில் சாராயக்கடையா என்று வக்கீல் கொதித்து எழுந்து வாதாடினார். வேறு இடம் தேடுங்கள் என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டு வந்தார். ஆலயத்தைக் காப்பாற்றினார் என்று அந்த ஞாயிறு அவருக்காக விசேஷ ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. அப்பா ஆமென் சொன்னார். பெண்கள் பக்கத்தில் அக்கா எனக்கு அருகே உட்கார்ந்திருந்தாள், அவளும் சொன்னாள்.

அடுத்து வக்கீலைக் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் போட்டார்கள். எங்களுக்கெல்லாம் பெருமைதான். நம்மவர் ஒருவர் நீதி சொல்லுகிற இடத்தில் உட்காருகிறார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அத்தான் அக்காவின் கையை முறித்தபோது, அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பிடித்து இழுக்காத குறையாக அவர் உட்காரும் பெஞ்சுக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வக்கீல் கோபப்படவில்லை. எழுந்து வெளித்தாழ்வாரத்துக்கு வந்து, சொந்தப் பெண்ணிடம் பேசுவதுபோல் பேசினார். "விசுவாசியும் விசுவாசியும் கோர்ட்டுல நிக்கலாமா, அம்மா? ஊரு சிரிக்காதா? பிராதை வாங்கிக்கிடு. சபையில வச்சுப் பைய பேசித் தீத்துக்கிடலாம்." அக்கா என்னைப் பார்த்தாள். வாங்காதே என்று நான் தலையை ஆட்டினேன். அவள் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெஸ்ட்ரி அறையில் அதே மேஜை, அதே மூப்பர்கள். அத்தான் முழங்காலில் விழுந்து அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இனித் தொடமாட்டேன் என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். அப்பா அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு அக்காவின் நல்ல கையைப் பிடித்து அவர் கையில் கொடுத்தார், இரண்டாவது கல்யாணம் பண்ணி வைக்கிறதுபோல. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்குப் போக அந்த ஒரு வழிதானே! கடை திறந்திருந்தது.

அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் குடிக்கவில்லை. அடுத்த வாரம் குடித்தார். அக்காவின் தலை ஆட்டுரலில் மோதியது என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து சொன்னாள். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அத்தானை அந்தமானுக்குத் தீவாந்திரம் அனுப்பினார்கள். இந்த வழக்கு பெஞ்சுக்கு வரவில்லை, பெரிய கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே விசுவாசியா என்று யாரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார். அப்பா வெளியே வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, மெம்பராகணும்னா நான் உங்க வீட்டுக்கு வந்தேன்? என் கடையில ஒக்காந்தா நேரே தெரியுமே. அந்தப் புள்ள வேலியோரம் வந்து நிக்கதை தெனமும் பாத்துக்கிட்டிருந்தேனே ஐயா!"

அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டின் முன் ஜெபிக்கக் கையைக் குவித்தார். வாய் வரவில்லை. நான்தான் ஜெபித்தேன்.

அடுத்த தேர்தலுக்கு வக்கீல் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர் வேறு யாரோ, ராவுத்தர் நிற்கவில்லை. மூப்பர்கள் வழக்கம்போல் கூடி அப்பாவையும் அழைத்தார்கள். அவர் போகவில்லை. ஆனால் ஓட்டு நாளன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "வாட்டி" என்று என்னைக் கூப்பிட்டார். கண்பார்வை மங்கியிருந்ததால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசை முழுவதும் எங்கள் சபை ஆண்கள். இரண்டு மூப்பர்கள் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

யாருக்கு என்று அதிகாரி கேட்டார். அப்பா ராவுத்தரின் பெயரைச் சொன்னார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அவர் இந்தத் தடவை நிக்கலையே ஐயா."

"தெரியும்."

"இது செல்லாது. நிக்கவங்கள்ல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

அப்பா என் கையை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரையே மறுபடியும், வரிசையின் கடைசி வரை கேட்கும்படி சொன்னார்.